லாரி தண்டவாளம் ஏறும்போது: வாசகர் கேள்விகள்

ரோடு-ரயில் வண்டியில் (டயரோடு இரும்புச் சக்கரமும் உள்ள லாரி) கவச் (ஆபத்தில் தானே பிரேக் போடும் ரயில் பாதுகாப்புக் கருவி) பொருத்திவிட்டோம். இனி பிளாக் (லைனில் ரயில் விடாமல் நிறுத்திவைக்கும் அனுமதி) எடுக்காமல் ஓட்டலாமா? (எண்ணூர்)

கூடாது. இதே கேள்வி நாலாவது முறை வருகிறது. கவச் இருந்தால் சிக்னல் நிலை உங்கள் கேபினுக்குத் தெரியும், சரி. நீங்கள் லைனில் நிற்பது ஸ்டேஷன் பேனலுக்குத் தெரிய வேண்டாமா? ரப்பர் டயர் கரன்ட் கடத்தாது. பல வண்டிகளில் இரும்புச் சக்கரத்தையே இன்சுலேட் செய்துதான் தருகிறார்கள். தண்டவாளத்தில் கரன்ட் விட்டு வண்டி நிற்பதை அறியும் ட்ராக் சர்க்யூட்டைப் பொறுத்தவரை லைன் காலி. உங்களுக்கு அடியிலேயே பாயின்ட் (தடம் மாற்றும் தண்டவாளம்) திரும்பலாம்.

இன்சுலேஷனைக் கழற்றிவிட்டால் போதும் என்று அடுத்து எழுதுவீர்கள். பல வருஷம் முன்பு கொருக்குப்பேட்டைப் பக்கம் ஒரு சைடிங் (கிளை லைன்), இன்சுலேஷன் கழற்றிய வண்டி. ரிலே ரூமில் மீட்டரோடு நான். வெளியிலிருந்து மேஸ்திரி போனில், "ஏறிடுச்சு சார்" என்கிறார். வண்டி ஏறினால் விழ வேண்டிய ரிலே அசையவில்லை. அரை ஓம் ஷன்ட் (இரண்டு தண்டவாளத்தையும் இணைக்கும் சோதனைக் கம்பி) வைத்தால் விழுகிற ரிலே, முழு வண்டி நிற்கும்போது விழவில்லை! போய்ப் பார்த்தால் தண்டவாளத் தலையில் பழுப்பாகத் துரு, உப்புக்காற்றின் வேலை. உப்புத்தாள் போட்டுத் தேய்த்த பிறகுதான் 'டக்'. முழு லோகோவின் எடை துருவை நசுக்கிவிடும், உங்கள் வண்டியின் எடைக்கு அந்தத் தெம்பு கிடையாது. ஆகவே பிளாக், 600 மீட்டரில் பேனர் கொடி (லைனுக்குக் குறுக்கே கட்டும் சிவப்புத் துணி), 1200 மீட்டரில் 3 டெட்டனேட்டர் (சக்கரம் ஏறினால் வெடித்து எச்சரிப்பது). கவச் இருந்தாலும் இது மாறாது.

ஆக்சில் கவுண்டர் (உள்ளே போன, வெளியே வந்த அச்சுகளை எண்ணும் கருவி) லைனில் அந்தத் தொல்லை இல்லையே? (தண்டையார்பேட்டை)

வேறு தொல்லை. நடுவில் லெவல் கிராசிங் கேட்டில் ஏறினால் உள்ளே எண்ணாத அச்சு வெளியே போகும்போது எண்ணப்படும். செக்‌ஷன் சிவப்பாகவே நிற்கும், ரீசெட் செய்ய ஆள் வர வேண்டும். சின்னச் சக்கரத்தை டிடெக்டர் தவறவிடுவதும் உண்டு.

கேட்டலாக்கில் சக்கர விட்டம் 600 மி.மீ. அதையே கவச்சில் போடலாமா? (ராயபுரம்)

டேப் இல்லையா வீட்டில்? 580-க்குத் தேய்ந்த சக்கரத்துக்கு 600 என்று கொடுத்தால் கவச் போடும் தூரக் கணக்கு கிலோமீட்டருக்கு 30 மீட்டருக்கு மேல் பிசகும். அதிலாவது வேகம் கூடுதலாகக் காட்டும், ஆபத்தில்லை. புதுச் சக்கரம் மாட்டிவிட்டுப் பழைய அளவை மாற்றாமல் விட்டால் தலைகீழ். சக்கரச் சுற்றை எண்ணும் சென்சாரை லாரியின் கியர்பாக்ஸில் மாட்டாதீர்கள். மழையில் டயர் வழுக்கினால் அதையும் சேர்த்து எண்ணும். இழுவையோ பிரேக்கோ இல்லாத ரயில் சக்கரம் ஒன்றைத் தேடுங்கள்.

கவச்சோடு பிரேக்கை எப்படி இணைப்பது? (பேர்...)

எந்த பிரேக் என்று எழுதவில்லை, ஊரும் பாதியில் நிற்கிறது. லோகோவில் 5 கிலோ காற்றழுத்தம் உள்ள பிரேக் பைப்பைக் காலி செய்தால் போதும், பிரேக் பிடிக்கும். உங்களுடையது ஹைட்ராலிக்காக இருந்தால், கரன்ட் போனதும் தானே பிடிக்கிற வால்வு வேண்டும். டயரில் மட்டும் பிரேக் உள்ள வண்டி என்றால் முதலில் ரயில் சக்கரத்துக்கு பிரேக் போடுங்கள். ஏற்றும்போது டயர் தூக்கிய நொடியில் பிடிமானமே இல்லாமல் வண்டி உருண்டோடியது பிரிட்டனில் பலமுறை நடந்திருக்கிறது. கவச் பெட்டி அப்புறம்.

கவச்சுக்கு லாரியின் 24 வோல்ட் பேட்டரி போதுமா? (திருவொற்றியூர்)

லோகோவுக்கான கவச் யூனிட் 110 வோல்ட் கேட்கும். கன்வெர்ட்டர் போடுங்கள், செல்ஃப் அடிக்கும்போது வோல்ட் சரிவதையும் பாருங்கள்.

கும்மிடிப்பூண்டி லைனின் டிபிடபிள்யூஎஸ் (கவச்சுக்கு முந்தைய ரயில் பாதுகாப்பு முறை) ஆன்டெனாவே கவச்சுக்கும் ஆகுமா? (வியாசர்பாடி மாணவர்)

ஆகாது தம்பி. 2008-இல் அங்கே வந்தது ஐரோப்பிய முறை, தண்டவாளங்களுக்கு நடுவே உள்ள பாலிஸ் என்ற தகவல் பெட்டியைப் படிக்கும். கவச் படிப்பது லைனில் பொருத்திய ஆர்எஃப்ஐடி டேக் (ரேடியோவால் படிக்கும் அடையாளச் சில்லு). நீங்கள் அனுப்பிய படத்தில் ஆன்டெனா, தூக்கி இறக்கும் சட்டத்தில் இருக்கிறது. இறக்கிய பிறகு தண்டவாளத்திலிருந்து உயரத்தை அளந்தீர்களா? கேபிளும் இழுபடுகிறது, பாருங்கள்.