தண்டவாளம் போடப் போகிறீர்களா? முதலில் தண்ணீரைப் பாருங்கள்

கேள்வி: பர்மிங்ஹாமில் மென்பொருள் வேலை, வயது 44. வேல்ஸில் டவின் ஊரிலிருந்து ஓடும் டாலிலின் குறும்பாதை ரயிலில், தண்டவாளம் பராமரிக்கும் தன்னார்வலர் குழுவோடு ஒரு வாரம் வேலை செய்ய ஆசைப்படுகிறேன். அனுபவம் தேவையில்லை என்கிறார்கள். நான் கடப்பாரை பிடித்ததே இல்லை. இரண்டு வருடத்துக்கு முன் இடுப்புப் பிடிப்பு வேறு வந்தது. என்ன வேலை தருவார்கள், எப்படித் தயாராவது? இன்னொரு சந்தேகம்: பாரம்பரியப் பாதைகள் பலவற்றில் தண்டவாளத்துக்கு அடியில் குறுக்கே கிடக்கும் உளுத்த மரக்கட்டையை எடுத்துவிட்டுத் திரும்பவும் மரக்கட்டையையே போடுகிறார்களே, கான்கிரீட் போட்டால் ஒரேயடியாக முடிந்துவிடாதா?

பதில்: தாராளமாகப் போங்கள். நீங்கள் தேர்ந்தெடுத்திருப்பது சாதாரணப் பாதை அல்ல. தன்னார்வலர்கள் கையில் எடுத்து ஓட்டிய உலகின் முதல் ரயில் பாதை அதுதான். அதற்கான கூட்டம் நடந்ததும் உங்கள் பர்மிங்ஹாமில்தான், 1950 அக்டோபரில். பிரின் எக்லுவிஸ் மலையில் வெட்டிய ஸ்லேட் கல்லைக் கடலோரத்துக்குக் கொண்டுவர 1865-இல் அமைத்த பாதை அது. 1946-இல் குவாரி மூடப்பட்டது. பாதையை விடாமல் ஓட்டிக்கொண்டிருந்த சர் ஹென்றி ஹெய்டன் ஜோன்ஸ் 1950-இல் இறந்துபோனார். எழுத்தாளர் டாம் ரோல்ட்டும் அவர் நண்பர்களும் முன்வந்து பொறுப்பேற்க, 1951 மே 14 அன்று முதல் வண்டியை ஓட்டினார்கள்.

அன்று பாதை எப்படி இருந்தது என்பதற்கு ஒரு எஞ்சினின் கதையே போதும். பக்கத்தில் மூடப்பட்டிருந்த கோரிஸ் பாதையிலிருந்து இரண்டு எஞ்சின்களை வாங்கினார்கள். இரண்டு பாதைகளுக்கும் ஒரே அளவு: தண்டவாளங்களுக்கு நடுவே 2 அடி 3 அங்குலம். ஆனால் டாலிலினில் தண்டவாளங்கள் இரண்டும் இந்த அளவைவிடச் சற்று விலகிக் கிடந்தன. கோரிஸிலிருந்து வந்த மூன்றாம் எண் எஞ்சினின் சக்கரத்தில், தண்டவாளத்தின் மேல் உருளும் பகுதி அகலம் குறைந்தது. அகன்ற இடம் வந்ததும் சக்கரம் தண்டவாளத்தை விட்டு உள்ளே இறங்கிவிடும். பாதையில் ஏற்கெனவே இருந்த டோல்கோக் எஞ்சினுக்குச் சக்கரம் அகலமானது என்பதால் அது தப்பித்து ஓடியது. எஞ்சினில் பழுதில்லை, கோளாறு பாதையில். இதை மனதில் வைத்துக்கொண்டு போனால் அங்கே நடக்கும் ஒவ்வொரு வேலைக்கும் காரணம் தானாக விளங்கும்.

இனி உங்கள் கேள்வி. தண்டவாள வேலை என்றதும் சுத்தியல் ஓங்கி அடிப்பதுதான் எல்லாருக்கும் கண்ணில் தோன்றும். முதல் நாள் உங்கள் கையில் பெரும்பாலும் ஷவலோ முள்வாரியோதான் இருக்கும். வாய்க்காலில் மண் அள்ளச் சொல்வார்கள், புதர் வெட்டச் சொல்வார்கள். புதியவன் என்று ஒதுக்கிவிட்டார்கள் என்று நினைத்துவிடாதீர்கள். அதுதான் பாதையின் உயிர்நாடியான வேலை.

நான் தமிழ்நாட்டில் ரயில்வே பாதைப் பிரிவில் சேர்ந்த புதிதில், மேட்டை வெட்டிப் பாதை போட்ட ஒரு வெட்டுப்பள்ளத்தில், இரண்டு தண்டவாளங்கள் சேரும் ஒரே இணைப்பு திரும்பத் திரும்பத் தாழ்ந்துகொண்டே இருந்தது. மூன்று முறை தூக்கி, ஜல்லி திணித்துச் சமன் செய்தோம். மூன்று முறையும் சில வாரத்தில் பழையபடி ஆனது. கேங் மேஸ்திரி என்னை ஒரு நாள் கொட்டும் மழையில் அங்கே கூட்டிப்போய் நிற்கவைத்தார். பக்க வாய்க்கால் சருகும் மண்ணும் அடைத்துக் கிடக்க, தண்ணீர் அத்தனையும் கட்டைக்கடியில் புகுந்துகொண்டிருந்தது. வண்டி ஏறும்போது கட்டை அமுங்கும், இறங்கியதும் எழும்பும், ஒவ்வொரு முறையும் சேற்றை மேலே கக்கும். அந்தச் சேறு ஜல்லியின் இடுக்கில் ஏறிவிட்டால் ஜல்லி ஜல்லியாகவே இருக்காது, களிமண் கட்டியாகிவிடும். வாய்க்காலைத் திறந்து, அழுக்கு ஜல்லியைத் தோண்டி எறிந்து, சுத்தமானதைப் போட்ட பிறகுதான் அந்த இணைப்பு நின்றது. மழைக்குப் பேர்போன வேல்ஸ் மலைச்சரிவில் இது இன்னும் பெரிய பாடு. உங்கள் ஊருக்குப் பக்கத்திலுள்ள செவர்ன் வேலி ரயில்வேயில் 2007 ஜூனில் பெய்த மழை, பாதையின் கரையைப் பல இடங்களில் அரித்துச் சரித்தது. முழுப் பாதையும் திறக்க 2008 மார்ச் ஆயிற்று. அங்கே தோற்றது மண், தண்டவாளம் அல்ல.

ஆகவே தயாராவதற்கு நான் சொல்லும் முதல் பயிற்சி கண்ணுக்கு. கட்டையைச் சுற்றி ஜல்லி வெளுத்து, சாந்து பூசினாற்போல் இருந்தால் அங்கே கட்டை ஆடுகிறது. தண்டவாளத்தோடு குனிந்து, கண்ணை அதன் மட்டத்துக்குக் கொண்டுபோய்ப் பாருங்கள். நின்று பார்க்கையில் நேராகத் தெரிந்த பாதை, அப்போது பள்ளமும் மேடுமாகத் தெரியும். கட்டையைக் கடப்பாரையால் தட்டினால் நல்ல மரம் கணீரென்று சொல்லும், உளுத்தது மந்தமாகச் சொல்லும்.

கட்டை மாற்றும் வேலை இரண்டாம் நாளோ மூன்றாம் நாளோ கிடைக்கலாம். பக்கத்து ஜல்லியைக் கட்டையின் அடிவரை வழித்தெடுப்பார்கள். பிடிமானங்களைக் கழற்றி, ஜாக்கியால் தண்டவாளத்தை மயிரிழை தூக்கி, பழைய கட்டையைப் பக்கவாட்டில் உருவிப் புதியதை நுழைப்பார்கள். அடுத்தடுத்த கட்டைகளை ஒரே நேரத்தில் உருவ மாட்டார்கள். தண்டவாளத்தைப் பிடித்துக்கொள்ள ஆள் வேண்டுமல்லவா? பிறகு அகலத்தைக் கேஜ் கோலால் அளந்து பிடிமானத்தை இறுக்குவார்கள்.

இதற்கப்புறம் வரும் ஜல்லி திணிப்பில்தான் புதியவர்கள் எல்லாரும் தவறுவார்கள், நானும் தவறியிருக்கிறேன். கட்டையின் முழு நீளத்துக்கும் ஒரே மாதிரி இறுக்கிவிடுவோம். அப்படிச் செய்யக்கூடாது. இரண்டு தண்டவாளங்களுக்கும் நேர் கீழே, அதன் இரு பக்கமும் கொஞ்சம், அங்கே மட்டும்தான் இறுக்க வேண்டும். நடுப்பகுதி தளர்வாகவே கிடக்கட்டும். நடுவில் இறுகினால் கட்டை சீசாப் பலகைபோல் ஆடும், நாளடைவில் நடுவிலேயே முறியும். 'நடுவில் எவ்வளவு விடட்டும்?' என்று குழுத் தலைவரைக் கேட்டுப் பாருங்கள், உங்களை வேறு கண்ணோடு பார்ப்பார்.

அடியில் தட்டையான பாதம் இல்லாத, பழைய புல்ஹெட் தண்டவாளம் உள்ள பாதைக்கு என்றாவது போனால், அதை வார்ப்பிரும்பு இருக்கையில் உட்காரவைத்து மர ஆப்பு ஒன்றால் இறுக்கியிருப்பதைக் காண்பீர்கள். அந்த ஆப்புக்குப் பெயர் 'கீ'. வெயிலில் மரம் சுருங்கினால் ஆப்பு கழன்று விழும், அதனால் தினமும் ஒருவர் நடந்து தட்டிக்கொண்டே போக வேண்டும். நம் ஊரில் கையில் சுத்தியலும் கொடியுமாகப் பாதையோரம் நடந்துபோகும் கீமேனைப் பார்த்திருப்பீர்களே, அவர் பெயர் வந்த வழி இதுதான். ஆப்பெல்லாம் போய் இரும்புக் கிளிப் வந்துவிட்டது, பெயர் மட்டும் அவரோடு நடந்துகொண்டிருக்கிறது.

இடுப்பைப் பற்றி. முதலில் மருத்துவரைக் கேளுங்கள். அவர் சம்மதித்தால், வேலை தொடங்கும் முன்பே குழுத் தலைவரிடம் சொல்லிவிடுங்கள். வெட்கப்பட்டுக்கொண்டு மறைப்பதுதான் ஆபத்து. கஜத்துக்கு 50 பவுண்டு எடையுள்ள 30 அடித் தண்டவாளம் ஒன்றின் எடை 227 கிலோ. வழக்கமான அகலமுள்ள பெரிய பாதையில் கஜத்துக்கு 95 பவுண்டு கணக்கில் 60 அடித் தண்டவாளம் 860 கிலோவைத் தாண்டும். இதை வீரத்தால் யாரும் தூக்குவதில்லை. இடுக்கி பிடித்து, ஆள் எண்ணிக்கை பார்த்து, ஒரே ஒருவர் குரல் கொடுக்க எல்லாரும் சேர்ந்து தூக்கி, சேர்ந்து வைப்பார்கள். நம் ஆட்கள் ஐலசா பாடியதும் இதற்குத்தான். குரல் கொடுப்பவர் ஒருவரே. நடுவில் நீங்கள் யோசனை சொல்லாதீர்கள், கை வழுக்கினால் மட்டும் கத்துங்கள். கடப்பாரையால் நெம்பும்போது அதைக் கால்களுக்கு நடுவே வைத்து நிற்கவே கூடாது. பாரம் நழுவினால் கடப்பாரை மேலே துள்ளும். இடுப்பு நோவுள்ளவருக்கு வாய்க்காலில் குனிந்து மண் அள்ளுவதும் கெடுதலாகலாம். அரைமணிக்கு ஒருமுறை வேலையை மாற்றிக் கேளுங்கள். கேஜ் பிடிப்பது, போல்ட்டுக்குக் கிரீஸ் இடுவது, புதர் வெட்டுவது எல்லாமே வேலைதான்.

எடுத்துப்போக வேண்டியவை: கணுக்காலை மூடும், விரல்பக்கம் இரும்பு வைத்த பூட்ஸ் (புதிதாக இருந்தால் இரண்டு வாரம் முன்பே போட்டுப் பழக்குங்கள்), தடித்த கையுறை இரண்டு ஜோடி, மழை அங்கி, மாற்றுக் காலுறை. ஆரஞ்சு நிறப் பளிச் சட்டையும் தலைக்கவசமும் அவர்களே தருவார்களா என்று முன்கூட்டியே கேளுங்கள். டெட்டனஸ் ஊசி கணக்கில் இருக்கிறதா பாருங்கள். புதர் வெட்டிய நாளில் உண்ணி ஒட்டியிருக்கிறதா என்று இரவில் உடம்பைச் சோதியுங்கள். பழைய கட்டையில், மரம் உளுக்காமலிருக்க ஏற்றும் கிரியோசோட் என்ற நச்சு எண்ணெய் ஏறியிருக்கும், வெறுங்கையால் தொடாதீர்கள். தோட்டத்துக்கு ஒன்று கேட்டு வாங்கி வரலாம் என்ற நினைப்பும் வேண்டாம்.

கான்கிரீட் கேள்விக்கு வருகிறேன். சில பாரம்பரியப் பாதைகள் கான்கிரீட்டும் இரும்புக் கட்டையும் போடத்தான் செய்கின்றன, தவறில்லை. ஆனால் பெரிய பாதைக்கான கான்கிரீட் கட்டை ஒன்று கால் டன் அளவுக்குக் கனக்கும், இயந்திரம் இல்லாமல் நகராது. நல்ல மரக்கட்டையை நாலு பேர் தூக்கிவிடலாம். அதைவிட முக்கியம், மரம் வளைந்து கொடுக்கும், கான்கிரீட் கொடுக்காது. பத்து மரக்கட்டைக்கு நடுவே ஒரு கான்கிரீட்டைச் செருகினால் பாரம் முழுக்க அதன் தலையில் விழும். எனவே கான்கிரீட் என்றால் நீளமான பகுதியை மொத்தமாக, அடியிலுள்ள ஜல்லியோடு சேர்த்து மாற்ற வேண்டும். வருடத்துக்குக் கொஞ்சம் கொஞ்சமாக, உளுத்ததை மட்டும் பொறுக்கி மாற்றும் தன்னார்வலர் குழுவுக்கு மரம்தான் தோது. கான்கிரீட்டே போட்டாலும் வாய்க்கால் அடைத்திருந்தால் அதுவும் சேற்றைக் கக்கும்.

எந்த மாதம் போவது என்று நீங்கள் கேட்கவில்லை, நானே சொல்கிறேன். கடும் வெயிலில் ஜல்லியைக் கலைத்தால் நீண்டிருக்கும் தண்டவாளத்தைப் பிடித்து நிறுத்த எதுவும் இருக்காது, பாதை பாம்புபோல் நெளிந்துவிடும். 18 மீட்டர் தண்டவாளம் 30 டிகிரி சூடேறினால் 6 மில்லிமீட்டர் நீளும், அதற்காகத்தான் இணைப்புகளில் இடைவெளி. ஆதலால் பெரிய வேலைகள் குளிர்காலத்திலும் அதன் இரு ஓரங்களிலும்தான் நடக்கும். நவம்பரிலோ பிப்ரவரியிலோ இடம் இருக்கிறதா என்று கேளுங்கள். மழை பெய்தால் ஒதுங்கி நிற்காமல், அனுமதி கேட்டு யாராவது ஒருவரோடு பாதையோரம் நடந்து தண்ணீர் எங்கே தேங்குகிறது என்று குறித்து வாருங்கள்.