மாநில உரிமையா, அடிமைமுறையா? குடியுரிமை நேர்காணலில் எதைச் சொல்வது?

கேள்வி: ஜார்ஜியா மாநிலத்தில் பல வருடமாக கிரீன் கார்டில் இருக்கிறேன். குடியுரிமை நேர்காணலுக்குத் தேதி வந்துவிட்டது. நூறு கேள்விப் பட்டியலில், அமெரிக்க உள்நாட்டுப் போருக்குக் காரணமான பிரச்சினை ஒன்றைச் சொல்லச் சொல்லி ஒரு கேள்வி. அடிமைமுறை, பொருளாதாரக் காரணங்கள், மாநில உரிமைகள் என்று மூன்று விடை போட்டிருக்கிறார்கள். கணவரின் அலுவலக நண்பர், உள்ளூர்க்காரர், "போர் மாநில உரிமைக்காகத்தான் நடந்தது, அடிமைமுறை என்றால் இங்கே சிலருக்குப் பிடிக்காது" என்கிறார். அதிகாரி மனம் கோணினால் விண்ணப்பம் போய்விடுமா? சட்டப்படி எது சரி?

பதில்: பயம் வேண்டாம் சகோதரி. மூன்றில் எதைச் சொன்னாலும் மதிப்பெண் உண்டு. பட்டியலில் உள்ள விடையைத் தவறு என்று சொல்ல அதிகாரிக்கு அதிகாரமில்லை. பத்துக் கேள்விக்கு ஆறு சரியாக இருந்தால் போதும். தவறினாலும் 60 முதல் 90 நாளுக்குள் இன்னொரு வாய்ப்பு தருவார்கள். ஒன்றை மட்டும் சரிபாருங்கள்: 2025 அக்டோபர் 20 அல்லது அதற்குப் பிறகு என்-400 என்ற குடியுரிமை விண்ணப்பப் படிவம் போட்டிருந்தால் உங்களுக்கு நூறு கேள்விப் பட்டியல் இல்லை, 128 கேள்விகள் கொண்ட புதிய பட்டியல்.

இனி அந்த நண்பரின் வாதம். மாநில உரிமை என்கிறாரே, எதைச் செய்வதற்கான உரிமை என்று கேளுங்கள். போருக்கு முந்தைய பத்து வருடம் மத்திய அரசின் கையை ஓங்கச் சொன்னது அடிமைமுறை இருந்த தெற்கு மாநிலங்கள்தான். மத்திய அரசு போட்ட 1850-இன் தப்பியோடிய அடிமைச் சட்டப்படி, பிடிபட்டவருக்கு ஜூரி கிடையாது, தன் தரப்பைச் சொல்ல வாய் திறக்கவும் முடியாது. விசாரிக்கும் ஆணையருக்கு, அவரை எஜமானரிடம் ஒப்படைத்தால் 10 டாலர், விடுவித்தால் 5 டாலர். (இப்படி ஒரு கட்டண அட்டவணையை நாடாளுமன்றம் சட்டமாகவே எழுதி வைத்திருந்தது.) 1854-ல் மிசூரியிலிருந்து தப்பி வந்த ஜோஷுவா குளோவரை மில்வாக்கி சிறையை உடைத்து மக்கள் மீட்டார்கள். அதில் கைதான பத்திரிகை ஆசிரியர் ஷெர்மன் பூத்தின் வழக்கில், விஸ்கான்சின் உச்ச நீதிமன்றம் அந்தச் சட்டமே செல்லாது என்றது. மாநில உரிமை பேசியது வடக்கத்தி மாநிலம்! 1859-ல் அமெரிக்க உச்ச நீதிமன்றத் தலைமை நீதிபதி ரோஜர் டேனி அந்தத் தீர்ப்பை ரத்து செய்தபோது தெற்கில் யாரும் மாநில உரிமை போச்சே என்று அழவில்லை.

அதே டேனிதான் 1857-ல், விடுதலை கேட்டு வழக்குப் போட்ட அடிமை டிரெட் ஸ்காட்டின் வழக்கில், கறுப்பினத்தவர் குடிமக்களாகவே முடியாது, மாநிலமாகாத பிரதேசங்களில் அடிமைமுறையைத் தடுக்க நாடாளுமன்றத்துக்கு அதிகாரமில்லை என்று எழுதியவர். ஏற்கெனவே இதே சண்டையில் கான்சாஸ் பிரதேசத்தில் ரத்தம் சிந்திக்கொண்டிருந்தது. சமரசத்துக்கு இருந்த கதவையும் அந்தத் தீர்ப்பு அடைத்துவிட்டது. அடிமைமுறை புதுப் பிரதேசங்களுக்குப் பரவக் கூடாது என்ற லிங்கன் 1860 நவம்பரில் அதிபர் தேர்தலில் ஜெயித்தார். டிசம்பர் 20-ல் தென் கரோலினா பிரிந்தது.

பிரிந்தவர்களின் ஆவணமே நமக்குச் சாட்சி. தென் கரோலினாவின் அறிக்கை, ஓடிப்போன அடிமைகளைத் திருப்பித் தரவில்லை என்று வட மாநிலங்களைப் பெயர் சொல்லிக் குற்றம் சாட்டுகிறது. அடிமையோடு ஒருவர் கடந்து போகக்கூட நியூயார்க் விடவில்லை என்பது இன்னொரு புகார். அதாவது, நியூயார்க் தன் எல்லைக்குள் தன் சட்டத்தை நடத்தியது குற்றம். மிசிசிப்பி சுற்றி வளைக்கவே இல்லை. தன் நிலைப்பாடு அடிமைமுறையோடு முழுக்கப் பிணைந்தது என்று எழுதியது. உங்கள் ஜார்ஜியாவின் அலெக்சாண்டர் ஸ்டீபன்ஸ், பிரிந்துபோன தென் மாநிலங்கள் அமைத்த கூட்டமைப்பின் துணை அதிபர், 1861 மார்ச்சில் சவானாவில் பேசியபோது, கறுப்பர் வெள்ளையருக்குச் சமமல்ல என்பதே புதிய அரசின் மூலைக்கல் என்றார். அவர்கள் எழுதிக்கொண்ட அரசியலமைப்போ, எந்த மாநிலத்துக்குள்ளும் அடிமைகளோடு போய்த் தங்கும் உரிமையைக் குடிமக்களுக்குக் கொடுத்தது. வேண்டாம் என்று தடுக்கும் உரிமை அங்கே மாநிலத்துக்கு இல்லை.

பொருளாதாரம் என்ற விடையும் பொய்யில்லை. ஆனால் அந்தப் பொருளாதாரம் பருத்தி, பருத்தி பறித்தது அடிமைகள். 1860 கணக்கெடுப்பில் அவர்கள் ஏறத்தாழ 40 லட்சம் பேர்.

பிரிந்துபோகச் சட்டத்தில் இடம் இருந்ததே என்று நண்பர் அடுத்து ஆரம்பித்தால், உச்ச நீதிமன்றத்தின் 1869-இன் டெக்சாஸ் எதிர் ஒயிட் தீர்ப்பைச் சொல்லுங்கள்: பிரிவினைத் தீர்மானங்கள் செல்லாது. டிரெட் ஸ்காட் தீர்ப்பை ஒழித்து, பிறப்பாலோ விண்ணப்பித்தோ குடிமக்களானவர் எல்லோரையும் ஒரே வரியில் நிறுத்தியது அமெரிக்க அரசியலமைப்பின் 1868-இன் 14-ஆம் திருத்தம். நாளை நீங்கள் வாங்கப்போகும் சான்றிதழுக்கும் அதுவே காவல்.

நேர்காணலில் "அடிமைமுறை" என்று ஆங்கிலத்தில் ஒரே சொல்லில் சொல்லி நிறுத்திவிடுங்கள். விளக்கம் கேட்க மாட்டார்கள். ஒருவேளை விண்ணப்பத்தை மறுத்தால், 30 நாளுக்குள் என்-336 படிவத்தில் மறுவிசாரணை கேட்கலாம். மறுப்புக் கடிதத்தை உறையோடு பத்திரமாக வையுங்கள்.