பிள்ளைகளும் பாய்மரப் படகும்: கேள்வி பதில்

திருமங்கலத்திலிருந்து ஒரு தந்தை: எட்டு வயது மகன் தெர்மாகோலில் படகு செய்தான். பாய் வைத்ததும் கவிழ்ந்துவிடுகிறது. நானே சரிசெய்து கொடுக்கவா?

பதில்: வேண்டாம் சார், இன்னும் நாலு தடவை கவிழட்டும். காற்று எந்தப் பக்கமிருந்து வருகிறது, படகு எந்தப் பக்கம் சாய்கிறது என்று அவனே பார்த்துச் சொல்லட்டும். காற்று பாயை உயரத்தில் தள்ளுகிறது. அதைத் தாங்க அடியில் பாரம் இல்லை. ஆறு அங்குல ஸ்கேல் ஒன்றை அடியில் செங்குத்தாகச் செருகி, முனையில் இரண்டு போல்ட்டு நட்டு கட்டினால் நிமிர்ந்துவிடும். ஆனால் பையன் முதலில் பாரத்தைப் படகின் மேலேதான் வைப்பான். வைக்கட்டும். அது இன்னும் வேகமாகக் கவிழும்போதுதான் பாரத்தை எங்கே வைக்க வேண்டும் என்று யோசிப்பான். தூண்டில் ஈயக்குண்டு மட்டும் வேண்டாம், ஈயம் நஞ்சு.

சோழவந்தானிலிருந்து ஓர் ஆசிரியை: வகுப்பில் 40 பேர். பொருள் வாங்கப் பணமில்லை.

பதில்: உங்கள் ஊரில் வாழை மட்டைக்கா பஞ்சம், டீச்சர்? பாய்க்குப் பால் கவர், பாய்மரத்துக்கு மூங்கில் குச்சி. நாலு பேருக்கு ஒரு படகு. வெட்டுவதற்கு முன் நோட்டில் வரைந்தாக வேண்டும்: மேலிருந்து ஒரு படம், பக்கவாட்டில் ஒரு படம், அளவோடு. அப்புறம், ஒரு ஓட்டத்துக்கு ஒரு மாற்றம்தான். பாயையும் சுக்கானையும் சேர்த்து மாற்றினால் எதனால் ஓடியது என்றே தெரியாது. இதில் மட்டும் நான் கண்டிப்பு.

மதுரை அண்ணா நகரிலிருந்து ஒரு தாய்: எதிர்க்காற்றில் படகு போகுமா என்று மகள் கேட்கிறாள்.

பதில்: அருமையான கேள்வி! நேர் எதிரே போகாது. சுமார் 45 பாகை விலகி, வலமும் இடமுமாக மாறி மாறி முன்னேறலாம். அடியில் செருகிய பலகைதான் பக்கவாட்டில் நழுவாமல் பிடிக்கும். படகு தானாகக் காற்றை நோக்கித் திரும்பினால் பாய்மரத்தைக் கொஞ்சம் அணியத்துப் பக்கம் நகர்த்தச் சொல்லுங்கள். காற்றை விட்டு விலகினால் அமரத்துப் பக்கம். அணியம் முன்புறம், அமரம் பின்புறம். கடற்கரை மக்களின் இந்தச் சொற்களையே பிள்ளைகளும் பழகட்டும்.

அதே தாய்: தெப்பக்குளத்தில் விடலாமா?

பதில்: வேண்டாம்மா, கண்மாயும் வேண்டாம். முற்றத்தில் செங்கல் அடுக்கித் தார்ப்பாய் விரியுங்கள், ஒரு சாண் தண்ணீர் போதும். ஆடியில் மேல்காற்றே ஓட்டிவிடும். தெப்பக்குளத்துக்குத் தைப்பூசத்தன்று கூட்டிப்போங்கள். அத்தனை உயர அலங்காரத்தோடு தெப்பம் சாயாமல் வருகிறதே, எப்படி என்று கேளுங்கள். அதன் அடிப்பரப்பின் அகலத்தை அவளே வரைந்து காட்டட்டும்.