பூங்காவில் நிற்கும் தூண்: கடிதமும் பதிலும்

மதிப்பிற்குரிய ஐயா,

கொழும்புப் பொது நூலகத்துக்குப் போகும்போதெல்லாம், விகாரமகாதேவி பூங்காவில் நூலகத்துக்கு அருகே நிற்கும் போர் நினைவுத் தூணைப் பார்க்கிறேன். ஆங்கிலேயர் தங்கள் போருக்காக எழுப்பிய தூண் நமக்கு எதற்கு? அதை அகற்றிவிட்டு அந்த இடத்தையும் நூலகத்துக்கே கொடுத்தால் என்ன?

வாசகர் ஒருவர், வெள்ளவத்தை

அன்புள்ள நண்பருக்கு,

உங்கள் கேள்வியில் உள்ள மனக்குறை நியாயமானது. முதல் உலகப் போரில் இலங்கையிலிருந்து துருக்கியின் கலிப்பொலிப் போர்முனைக்குச் சென்ற படையணி தோட்டத் துரைமாருடையது என்பதையும், அந்தப் போருக்கான நினைவுத் தூணை வடிவமைத்தவர் புது தில்லியைத் திட்டமிட்ட லட்யன்ஸ் என்பதையும் அறிந்தவர்களுக்கு, அது ஆட்சியாளரின் தூணாகத் தோன்றுவதில் வியப்பில்லை. ஆயினும் அதை அகற்ற வேண்டும் என்பதில் நான் உங்களோடு உடன்படவில்லை.

அந்தத் தூண் முதலில் நின்றது காலிமுகத்திடலில். இரண்டாம் உலகப் போரின்போது, கடல்வழியே வரும் ஜப்பானியருக்கு அது குறி பார்க்கும் அடையாளமாகிவிடும் என்று அஞ்சி, அதைப் பெயர்த்து, அன்று விக்டோரியா பூங்கா என்று அழைக்கப்பட்ட இந்த இடத்தில் நாட்டினார்கள். போரின் நினைவாக எழுந்த கல்லே இன்னொரு போருக்கு அஞ்சி இடம்பெயர்ந்திருக்கிறது. இடப்பெயர்வை அறிந்த நம்மவர்கள் அதன்முன் சற்று நின்று பார்க்கலாம் என்றே நான் நினைக்கிறேன்.

அந்நியரின் நினைவுச் சடங்கை இந்நாட்டவர் எதிர்த்த விதத்தையும் நீங்கள் அறிய வேண்டும். முதல் உலகப் போர் ஓய்ந்த நாளான நவம்பர் 11 அன்று, மாண்ட படையினரின் நினைவாக ஆண்டுதோறும் விற்கப்பட்ட பொப்பி மலரின் வருவாய் பெரும்பாலும் பிரித்தானிய முன்னாள் படையினருக்கே போய்ச் சேர்ந்தது. அதை ஏற்காத ஏலியன் பெரேரா 1931இல் சூரியமல் விற்பனையைத் தொடங்கினார். இலங்கையரான முன்னாள் படையினருக்கு உதவுவதே அதன் நோக்கம். சூரியமல் என்பது நம் பூவரசம்பூதான். 1933இல் வாலிபர் கழகங்கள் அதை ஓர் ஏகாதிபத்திய எதிர்ப்பு இயக்கமாகவே வளர்த்தெடுத்தன. 1934-35இல் மலேரியாக் கொள்ளைநோய் பரவியபோது கிராமங்களுக்குச் சென்று தொண்டு செய்தவர்களும் அந்த இயக்கத்தினரே. அவர்கள் தூணை இடிக்கப் புறப்படவில்லை. மறக்கப்பட்டவர்களின் பக்கம் நின்றார்கள்.

கல்லில் இடம்பெறாத மனிதர்களும் உண்டு. 1942 மே மாதம் இந்துமாக்கடலிலுள்ள கொக்கோஸ் தீவில் தங்கள் பிரித்தானிய அதிகாரிகளுக்கு எதிராகக் கலகம் செய்த இலங்கைப் பீரங்கிப் படையினர் மூவர், அதே ஆண்டு ஓகஸ்ட் மாதம் இதே நகரின் வெலிக்கடைச் சிறையில் தூக்கிலிடப்பட்டார்கள். கிரேஷன் பெர்னாண்டோ, கார்லோ கவுடர், பெனி டி சில்வா ஆகியோரின் கதையை எந்த வெற்றித் தூணும் நமக்குச் சொல்லாது. அதற்குப் புத்தகங்களைத்தான் தேடிப் போக வேண்டும். வீரனின் பெயரையும் பெருமையையும் நடுகல்லில் எழுதி வைத்த மரபு நம்முடையது. அந்தக் கல்லும் போற்றப்பட்டவனைத்தான் சொல்லும். தண்டிக்கப்பட்டவனையும் சேர்த்துச் சொல்ல ஏடு வேண்டும். ஆகவே தூணும் நூலகமும் அருகருகே இருப்பது எனக்கு நிறைவையே தருகிறது.

நூலகத்துக்கு மேலும் இடம் வேண்டும் என்ற உங்கள் விருப்பத்தை நான் முழுமனத்தோடு ஆதரிக்கிறேன். 1925இல் தொடங்கிய அந்த நூலகம் இன்றைய கட்டடத்துக்கு வந்தது 1980 டிசம்பரில். ஆறு மாதம்கூட ஆகவில்லை, யாழ்ப்பாணத்தில் ஏறத்தாழ 97,000 நூல்களோடு பொது நூலகம் எரிந்தது. அந்தச் சாம்பலை நினைக்கும்போது, எந்த நினைவிடத்தையும் அகற்றுவோம் என்று எழுத என் கை வரவில்லை.

உங்களிடம் ஒரு வேண்டுகோள். அந்தத் தூணுக்கு அருகே ஒரு பூவரசு நட்டு, சூரியமல் இயக்கத்தைப் பற்றி மூன்று மொழிகளிலும் ஒரு பலகை வைக்குமாறு மாநகர சபைக்கு எழுதுங்கள். அந்தக் கடிதத்தில் நானும் கையொப்பமிடுகிறேன்.

அன்புடன்.