வீடு வாங்குவதற்கு முன்பே முடிந்த பெயின்டிங் வேலைக்கு அசோசியேஷன் இப்போது என்னிடம் பணம் கேட்கிறது. நான் கட்ட வேண்டுமா?

கேள்வியில் நீங்கள் சொன்னது இதுதான்: சென்னையில் 1,050 சதுர அடி பழைய பிளாட், கிரயம் பிப்ரவரி 12. வெளிப்புற பெயின்டிங்கும் மொட்டைமாடி வாட்டர் ப்ரூஃபிங்கும் ஜனவரியிலேயே முடிந்துவிட்டன. சதுர அடிக்கு 80 ரூபாய் வீதம் 84,000 ரூபாய் கேட்டு மே மாதம் உங்கள் பெயருக்கு டிமாண்ட் நோட்டீஸ் வந்திருக்கிறது.

முழுத் தொகையும் உங்கள் பொறுப்பாக இருக்க வாய்ப்பு குறைவு. ஒரு பகுதி உங்கள் தலையில் விழலாம். எவ்வளவு என்பதை அந்தக் கடன் எந்தத் தேதியில் யார் மேல் ஏறியது என்பதுதான் முடிவு செய்யும். "நான் வருவதற்கு முன்பே அடித்த பெயின்ட்" என்று மட்டும் வாதாடாதீர்கள். "அந்தச் சுவருக்குள்தானே சார் இப்போது குடியிருக்கிறீர்கள்" என்பார் செயலாளர், பேச்சு அதோடு நின்றுவிடும்.

முதலில் மூன்று தேதிகளை ஒரே தாளில் எழுதுங்கள். பொதுக்குழு இந்த வேலைக்கு ஒப்புதல் தந்து ஆளுக்கு இவ்வளவு என்று தீர்மானம் போட்ட தேதி. ஒவ்வொரு தவணைக்கும் கொடுத்த கெடு. உங்கள் கிரயப் பத்திரத்தின் தேதி. பத்திரத்தைப் பொறுத்தவரை எழுதிக் கையெழுத்திட்ட தேதியே கணக்கு. பதிவு சில நாள் கழித்து நடந்திருந்தாலும், பதிவுச் சட்டம் 47-ஆம் பிரிவின்படி பத்திரம் எழுதிய நாளிலிருந்தே செல்லும்.

ஒரு கணக்குப் போட்டுப் பார்ப்போம். தீர்மானம் நவம்பரில், 84,000 ரூபாய் மூன்று தவணையாக, கெடு டிசம்பர் 1, ஜனவரி 1, மார்ச் 1 என்று வைத்துக்கொள்ளுங்கள். முதல் இரண்டு தவணைகளும், அதாவது 56,000 ரூபாய், விற்றவரின் கடன். மார்ச் 1 தவணையான 28,000 ரூபாயின் கெடு வரும்போது உரிமையாளர் நீங்கள். அசோசியேஷன் அதை உங்களிடம் கேட்பதில் நியாயம் இருக்கிறது. அதைத் திரும்ப விற்றவரிடம் வாங்க முடியுமா என்பது உங்கள் பத்திர வாசகத்தைப் பொறுத்தது.

தீர்மானமே ஏப்ரலில்தான் போட்டார்கள் என்றால் நிலைமை உங்களுக்குச் சாதகமாக இல்லை. கார்பஸ் நிதியிலிருந்து (பெரிய செலவுகளுக்காகச் சங்கம் சேர்த்து வைக்கும் பொது நிதி) எடுத்து ஜனவரியில் கான்ட்ராக்டருக்குக் கொடுத்துவிட்டு, அந்த நிதியை மறுபடி நிரப்ப ஏப்ரலில் எல்லோரிடமும் வசூலிக்கிறார்கள் என்றால், அது அன்றைய உரிமையாளர்கள் மீது போட்ட புது வசூல். வேலை பழையது என்பதால் மட்டும் அது செல்லாமல் போகாது. இந்த நிலையில் சண்டையை விடத் தவணை கேட்பதுதான் பலன் தரும்.

அடுத்து, கிரயத்துக்கு முன் அசோசியேஷன் கொடுத்த நிலுவையில்லாச் சான்றைத் தேடி எடுங்கள். பேச்சு வழக்கில் என்ஓசி என்பார்கள். வங்கிக் கடனில் வாங்கியிருந்தால் வங்கி ஃபைலில் ஒரு நகல் இருக்க வாய்ப்புண்டு. "பிப்ரவரி வரை பாக்கி ஏதும் இல்லை" என்று அதில் இருந்தால் உங்கள் கை ஓங்கிவிடும். பாக்கி இல்லை என்று எழுதிக் கொடுத்து, அதை நம்பி ஒருவர் பணம் போட்டு வாங்கிய பிறகு, அதே பாக்கியை அவரிடமே கேட்க முடியாது. மகாராஷ்டிரா, கர்நாடகா அடுக்குமாடிச் சட்டங்களில், விற்றவரின் பொதுச்செலவுப் பாக்கிக்கு வாங்கியவரும் சேர்ந்து பொறுப்பு என்று இருக்கிறது. ஆனால் வாங்குபவர் நிலுவை அறிக்கை கேட்டுப் பெற்றுவிட்டால், அதில் காட்டிய தொகைக்கு மேல் அவரைக் கேட்க முடியாது என்ற பாதுகாப்பும் கூடவே இருக்கிறது. உங்கள் சங்கத்தின் துணைவிதியிலும் (சங்கம் தனக்கென வைத்திருக்கும் விதிகள், பைலா) இப்படி ஒரு வாசகம் இருக்கிறதா என்று பாருங்கள். துணைவிதியைப் படிக்காமல் பதில் எழுத உட்காராதீர்கள்.

வில்லங்கச் சான்றை எடுத்துக் காட்டி "வில்லங்கம் இல்லை என்றுதானே இருக்கிறது" என்பதில் பயன் இல்லை. அதில் பதிவான ஆவணங்கள் மட்டுமே வரும். பராமரிப்புப் பாக்கியோ வீட்டு வரிப் பாக்கியோ அதில் வராது.

இப்போது பத்திரத்தை எடுத்து, சொத்து விவரத்துக்கு முன்னால் வரும் பத்திகளை நிதானமாகப் படியுங்கள். "பின்னிட்டு ஏதேனும் வில்லங்கம் தெரியவந்தால் எனது சொந்தச் செலவில் முன்னின்று தீர்த்துக் கொடுக்கக் கடமைப்பட்டவன்" என்ற வரி கிட்டத்தட்ட எல்லாப் பத்திரத்திலும் இருக்கும். அது மட்டும் போதாது. "இன்றைய தேதி வரையிலான வீட்டு வரி, தண்ணீர் வரி, மின்கட்டணம், பராமரிப்புக் கட்டணம் முதலான பாக்கிகளை எழுதிக் கொடுப்பவரே செலுத்த வேண்டியது" என்ற தனி வரி இருக்கிறதா என்று பாருங்கள். சொத்து மாற்றுச் சட்டம் 55-ஆம் பிரிவு, விற்பனைத் தேதி வரையிலான பொதுக் கட்டணங்களை விற்பவர் மேல் போடுகிறது. அரசுக்கும் உள்ளாட்சிக்கும் கட்டும் வரிகளுக்கு அது நேராகப் பொருந்தும். தனியார் சங்கத்தின் வசூல் அதற்குள் வருமா என்பதில் விற்றவரின் வக்கீல் வாதாட இடம் இருக்கிறது. பத்திரத்தில் "பராமரிப்பு" என்ற ஒரு சொல் இருந்தால் அந்த வாதம் எடுபடாது.

ஆவணங்கள் கையில் வந்த பிறகு எழுத்தில் மறுப்பு அனுப்புங்கள். வாசகம் இப்படி இருக்கலாம்:

"மதிப்பிற்குரிய செயலாளர் அவர்களுக்கு, பிளாட் எண் ___ தொடர்பாகத் தாங்கள் ___ தேதியில் அனுப்பிய ரூ.84,000-க்கான கோரிக்கை கிடைத்தது. மேற்படி பிளாட்டை ___ தேதியிட்ட கிரயப் பத்திரத்தின்படி வாங்கியுள்ளேன். அத்தேதிக்கு முன் கெடு வந்த தொகை முந்தைய உரிமையாளரைச் சேர்ந்தது. அதை நான் ஏற்கவில்லை. அதன்பின் கெடு வரும் தொகை குறித்து, கீழ்க்கண்ட ஆவணங்களின் நகல் கிடைத்ததும் என் நிலையைத் தெரிவிப்பேன். இக்கடிதம் எந்தக் கடனையும் ஒப்புக்கொள்வதாகாது."

கீழே நீங்கள் கேட்க வேண்டியவை: பொதுக்குழு அழைப்பு, வருகைப் பதிவோடு கூடிய தீர்மான நகல், கான்ட்ராக்டருக்குக் கொடுத்த ஒர்க் ஆர்டர், இறுதி பில், உங்கள் பங்கைக் கணக்கிட்ட முறை, வேலைக்கு முன்னும் பின்னும் கார்பஸ் இருப்பு, உங்கள் பிளாட்டின் லெட்ஜர் பக்கம் (அதன் பேரில் உள்ள வரவு, பாக்கிக் கணக்கு). கடைசியாகச் சொன்னதுதான் பல நேரம் விஷயத்தை முடித்துவைக்கும். விற்றவர் முதல் தவணையைக் கட்டியிருப்பார், நடுவில் நிர்வாகிகள் மாறியிருப்பார்கள், ரசீதுப் புத்தகம் கைமாறியிருக்காது. புதியவர்கள் முழுத் தொகையையும் உங்கள் பேரில் ஏற்றியிருப்பார்கள். தாமதத்துக்கு மாத வட்டி போட்டு அதையும் சேர்த்திருக்கிறார்களா என்பதும் லெட்ஜரில்தான் தெரியும். சதுர அடிக் கணக்கையும் சரிபாருங்கள். உங்களுக்கு சூப்பர் பில்டப் (பொது இடப் பங்கும் சேர்ந்த பரப்பு), பக்கத்து வீட்டுக்குக் கார்பெட் ஏரியா (வீட்டுக்குள் உள்ள தரைப் பரப்பு மட்டும்) என்று கலந்து போட்டிருந்தால் தொகை சில ஆயிரம் மாறும். பில்லில் ஜிஎஸ்டி சேர்த்திருந்தால் சங்கத்தின் ஜிஎஸ்டி எண்ணைக் கேளுங்கள். பதிவு இல்லாத சங்கம் தன் பெயரில் வரி வசூலிக்க முடியாது.

கடிதத்தை நேரில் கொடுத்தால் நகலில் தேதியும் கையெழுத்தும் வாங்குங்கள். தபால் என்றால் ஸ்பீடு போஸ்ட்டில் ஒப்புகையுடன் அனுப்புங்கள். 2025-இல் பதிவுத் தபால் அதோடு இணைந்துவிட்டது. நகல் ஒன்று விற்றவருக்கும் போகட்டும்.

இதற்கிடையே செய்யக் கூடாதவை இரண்டு. குடியிருப்போர் வாட்ஸ்அப் குழுவில் "அடுத்த மாதம் பார்த்துக் கட்டிவிடுகிறேன் சார்" என்று மரியாதைக்காக ஒரு வரி போடாதீர்கள், ஒப்புக்கொண்டதற்குச் சான்றாக அதையே நீட்டுவார்கள். வாயை அடைக்க 10,000 ரூபாய் மட்டும் கட்டுவதும் தவறு. வேலைக்கான பணத்தைக் கேட்டு வழக்குப் போடப் பொதுவாக மூன்று ஆண்டுதான் காலவரம்பு. எழுத்தில் ஒப்புக்கொண்டாலோ பகுதிப் பணம் கட்டினாலோ, காலவரம்புச் சட்டத்தின் 18, 19-ஆம் பிரிவுகளின்படி அந்த மூன்று ஆண்டு மறுபடி முதலிலிருந்து ஓட இடம் உண்டு.

உறுப்பினர் சேர்க்கைப் படிவத்தில் இன்னும் கவனம் வேண்டும். "முந்தைய உரிமையாளரின் நிலுவைகளை நான் ஏற்றுக்கொள்கிறேன்" என்ற வரி அச்சிலேயே இருக்கும், கார் ஸ்டிக்கருக்கான படிவத்தோடு சேர்த்து நீட்டுவார்கள். அந்த வரியை அடித்து, பக்கத்தில் சுருக்கொப்பம் போட்டு, படம் எடுத்து வைத்துக்கொண்ட பிறகு கொடுங்கள். ஏற்கெனவே கையெழுத்துப் போட்டுவிட்டீர்கள் என்றால் மேலே சொன்ன வாதங்களில் பாதி போய்விடும். மீதி விற்றவரிடம் வசூலிப்பதுதான்.

பேச்சு எடுபடவில்லை, வீட்டை வாடகைக்கு விட அசோசியேஷனின் ஆட்சேபணையில்லாச் சான்று அவசரமாக வேண்டும் என்ற நெருக்கடி வந்தால், கட்டுங்கள். ஆனால் எதிர்ப்பைப் பதிவு செய்து கட்டுங்கள். காசோலையோடு அல்லது பணம் அனுப்பிய அன்றே, "முந்தைய உரிமையாளர் கட்ட வேண்டிய தொகை, எதிர்ப்புடன் செலுத்துகிறேன்" என்று கடிதம் போக வேண்டும். ரசீதில் எந்த வேலை, எந்தத் தவணை, யாருடைய காலத்துக்கானது என்பது வரவேண்டும். ஒருவர் சட்டப்படி கட்ட வேண்டிய பணத்தை, அதில் அக்கறை உள்ள இன்னொருவர் கட்டினால் திரும்பப் பெறலாம் என்கிறது ஒப்பந்தச் சட்டம் 69-ஆம் பிரிவு. அதற்கு இந்த ரசீதுதான் ஆதாரம்.

விற்றவர் போனை எடுக்கவில்லை என்றால் வக்கீல் நோட்டீஸுக்கு அடுத்த படி உடனே வழக்காக இருக்க வேண்டியதில்லை. மாவட்ட சட்டப் பணிகள் ஆணைக்குழுவிலோ வட்ட சட்டப் பணிகள் குழுவிலோ வழக்குக்கு முந்தைய மனுவாகக் கொடுக்கலாம். கோர்ட் கட்டணம் இல்லை. லோக் அதாலத்தில் (மக்கள் நீதிமன்றம்) சமரசமானால் அந்த உத்தரவு கோர்ட் தீர்ப்பாணைக்குச் சமம், மேல்முறையீடும் கிடையாது. மேலே கணக்குப் போட்ட 56,000 ரூபாய் போன்ற தொகைக்கு இது பொருத்தமான வழி.

கான்ட்ராக்டரே நேரில் வந்து, "பழைய ஓனர் மாடுலர் கிச்சனுக்குப் பாக்கி வைத்துவிட்டார்" என்று கேட்டால் பதில் எளிது. அவர் ஒப்பந்தம் போட்டது பழைய உரிமையாளரோடு. நம் நாட்டில் கட்டிட வேலைப் பாக்கிக்காக வீட்டின் மேல் தானாக ஏறும் பற்றுரிமை (பாக்கிக்காகச் சொத்தைப் பிடித்துக்கொள்ளும் உரிமை) கிடையாது. சுவரில் பொருத்தியதைக் கழற்றிக்கொண்டு போகவும் அவருக்கு உரிமை இல்லை. விற்றவரின் இப்போதைய முகவரியைக் கொடுத்து அனுப்புங்கள். அவரும் உழைத்துவிட்டு நிற்பவர்தான், அந்த உதவியாவது செய்ய வேண்டும்.

வீட்டு வரி, மெட்ரோ வாட்டர், ஈபி பாக்கிகளுக்கு இதே வாதத்தைப் பயன்படுத்தாதீர்கள். வீட்டு வரி சொத்தையே தொடர்ந்து வரும். மின்சாரத்தில், பழைய பாக்கியைக் கட்டினால்தான் இணைப்பு என்று விதியில் இருந்தால் அது செல்லும் என்று 2023 மே மாதம் உச்ச நீதிமன்றம் கே.சி. நினன் வழக்கில் சொல்லிவிட்டது. அவற்றைக் கட்டி ரசீதை வாங்கிக்கொண்டு, அசோசியேஷன் தொகையோடு சேர்த்து ஒரே நோட்டீஸில் விற்றவரிடம் கேளுங்கள்.