நண்பரின் இன்டர்ன்ஷிப் ரெஸ்யூமே: திருத்துவதா, கேள்வி கேட்பதா?

கேள்வி: எங்கள் வகுப்பில் இரண்டு இரண்டு பேராகப் பிரித்து, ஒருவருடைய ரெஸ்யூமேயை இன்னொருவர் படித்து எழுத்தில் கருத்துச் சொல்ல வேண்டும் என்கிறார்கள். இன்டர்ன்ஷிப்புக்கு அனுப்பப்போகிற ரெஸ்யூமே. நானே இன்னும் எங்கும் இன்டர்ன்ஷிப் செய்ததில்லை. எந்தத் தைரியத்தில் இன்னொருவருக்குச் சொல்வது? போன தடவை "நன்றாக இருக்கிறது, வாழ்த்துகள்" என்று எழுதிக் கொடுத்துவிட்டேன். இந்தத் தடவை உருப்படியாக ஏதாவது சொல்ல ஆசை. ஆனால் நட்பும் கெடக்கூடாது. எங்கிருந்து தொடங்குவது?

பதில்: அனுபவம் இல்லையே என்ற கவலையை முதலில் ஓரமாக வையுங்கள். நிறுவனங்கள் எப்படித் தேர்ந்தெடுக்கின்றன என்று விளக்கத்தான் அனுபவம் வேண்டும். இந்த வரியைப் படித்ததும் எனக்கு என்ன புரிந்தது, எங்கே இடறியது என்று சொல்ல அது தேவையில்லை. எழுதியவர் எவ்வளவு கெட்டிக்காரராக இருந்தாலும் அவரால் செய்ய முடியாத வேலை அது. தான் எழுதியதைத் தானே முதல்முறையாகப் படிக்க யாராலும் முடியாது. அந்த இடத்தை நிரப்பத்தான் நீங்கள். சிவப்பு மையை உள்ளே வைத்துவிட்டு, கேள்வி கேட்கிற வாசகராகப் போய் உட்காருங்கள்.

ரெஸ்யூமேயைத் திறப்பதற்கு முன் நண்பரிடம் இரண்டு விஷயங்களைக் கேட்டு வாங்கிக்கொள்ளுங்கள்: எந்த இன்டர்ன்ஷிப்புக்கு அனுப்புகிறார், கடைசித் தேதி எப்போது. அந்த அறிவிப்பு உங்கள் கையில் இல்லாமல் ரெஸ்யூமேயைப் படிப்பதில் பெரிய பயன் இல்லை. ஓர் ஆய்வகத்துக்கு எது முக்கியமோ அது ஒரு பத்திரிகை அலுவலகத்துக்கு ஓரக் குறிப்பாகத்தான் இருக்கும். "இன்னும் எதற்கு என்று முடிவு செய்யவில்லை, பொதுவாகப் பார்" என்று அவர் சொன்னால், அவருக்குப் பிடித்த ஏதாவது ஓர் அறிவிப்பை எடுத்து அதற்காகவே படிப்பதாக வைத்துக்கொள்ளுங்கள். கடைசித் தேதியும் முக்கியம்தான். இன்றிரவே அனுப்ப வேண்டும் என்றால், பெயர், தொலைபேசி எண், தேதிகள், எழுத்துப்பிழை ஆகியவற்றை மட்டும் பார்த்துக் கொடுத்துவிடுங்கள். அமைப்பையே மாற்றச் சொல்லும் யோசனையெல்லாம் அடுத்த விண்ணப்பத்துக்கு.

சரி, இப்போது திறக்கலாம். ஆனால் படிக்க வேண்டாம். ஒரு பத்து விநாடி பார்த்துவிட்டு மூடிவிடுங்கள். மனதில் என்ன நிற்கிறது என்று ஒரு தாளில் எழுதுங்கள். லேடர்ஸ் என்ற வேலைவாய்ப்பு நிறுவனம், ஆள் தேர்வு செய்பவர்களின் கண்ணசைவைப் பதிவு செய்து 2018-இல் ஓர் ஆய்வை வெளியிட்டது. ஒரு ரெஸ்யூமேயின் முதல் பார்வைக்கு அவர்கள் செலவிட்டது சராசரியாக 7.4 விநாடி. ஒரு நிறுவனம் தானே நடத்திய ஆய்வு என்பதால் அந்தத் தசமப் புள்ளியை நான் கல்வெட்டாக எடுத்துக்கொள்வதில்லை. ஆனால் விண்ணப்பக் குவியலுக்கு முன் உட்கார்ந்த யாரும் அந்த வேகத்தைக் கேட்டு வியக்க மாட்டார்கள். நீங்கள் தாளில் எழுதியதும், அறிவிப்பு முதலில் கேட்கிற தகுதியும் ஒத்துப்போகின்றனவா என்று பாருங்கள். ஒத்துப்போகவில்லை என்றால், நண்பருக்குச் சொல்ல வேண்டிய மிகப் பெரிய விஷயம் உங்களுக்கு அப்போதே கிடைத்துவிட்டது.

அடுத்தது நிதானமான வாசிப்பு. இங்கே ஒரு சிக்கல் இருக்கிறது: உங்களுக்கு அவரைத் தெரியும். "துறைக் கருத்தரங்கு ஏற்பாட்டில் பங்கு" என்று அவர் எழுதியிருந்தால், மூன்று நாள் தூங்காமல் அவர் ஓடியது உங்கள் கண்முன் வரும்; உங்களுக்கு அது பிரமாதமான வரியாகத் தெரியும். முன்பின் தெரியாதவருக்கு அதில் எதுவும் இல்லை. ஆகவே படிக்கும்போது, வரியில் இல்லாததை உங்கள் நினைவிலிருந்து நிரப்புகிற ஒவ்வோர் இடத்திலும் ஒரு கோடு போடுங்கள். அந்தக் கோடுகள்தான் நீங்கள் கேட்க வேண்டிய கேள்விகள்.

எப்படிக் கேட்பது என்பதை ஓர் உதாரணத்தில் பார்த்துவிடலாம். ரெஸ்யூமேயில் இப்படி ஒரு வரி இருக்கிறது என்று வைத்துக்கொள்வோம்: "நூலகத்துக்கான வலைதளத்தை உருவாக்கும் குழுத் திட்டத்தில் சிறப்பாகப் பங்காற்றினேன்." இதற்கு "தெளிவாக இல்லை" என்று எழுதினால் அவர் "சிறப்பாக" என்பதை எடுத்துவிட்டு "திறம்பட" என்று போடுவார். பதிலாக, பக்கத்தில் உட்கார்ந்து கேளுங்கள்.

"குழுவில் எத்தனை பேர்?"

"நாலு பேர்."

"அதில் உன் வேலை எது?"

"தேடல் பகுதி முழுக்க நான்தான்."

"அதில் என்ன கஷ்டம் இருந்தது?"

"புத்தகப் பெயரில் ஓர் எழுத்து மாறினாலும் ஒன்றும் வராது. ஏறக்குறைய ஒத்துப்போகிற தலைப்புகளும் வருகிற மாதிரி மாற்றினேன்."

"எத்தனை புத்தகங்கள்?"

"ஆயிரத்து இருநூறு இருக்கும்."

"முன்பைவிட எவ்வளவு நன்றாக வேலை செய்கிறது?"

"அதை அளந்து பார்க்கவில்லை."

இவ்வளவுதான். அவர் சொன்னதைச் சேர்த்தாலே வரி வந்துவிடும்: "நால்வர் குழுவில் தேடல் பகுதியை எழுதினேன், தலைப்பை எழுத்துப்பிழையோடு தட்டினாலும் சுமார் 1,200 புத்தகங்களிலிருந்து நெருக்கமானவற்றைக் காட்டும்." இதில் ஒரு சொல்கூட நீங்கள் தந்ததில்லை. நேர்முகத் தேர்வில் இதைப் பற்றிக் கேட்டால் அவர் தடுமாறவும் மாட்டார். மாணவர்களின் ரெஸ்யூமேயில் நான் திரும்பத் திரும்பப் பார்ப்பது இதுதான்: வாயால் சொல்லும்போது உயிரோடு இருக்கிற விஷயம், தாளுக்கு வந்ததும் "பங்காற்றினேன்", "பொறுப்பு வகித்தேன்" என்று சுருண்டுவிடுகிறது. முக்கால்வாசி நேரம் அவர் பேசுவதை அப்படியே குறித்துக்கொள்வதுதான் உங்கள் வேலை.

அந்தக் கடைசிப் பதிலைக் கவனித்தீர்களா? அளந்து பார்க்கவில்லை என்றார். அங்கேதான் பலர் சறுக்குகிறார்கள். கூகுளின் மனிதவளத் துறைக்குத் தலைவராக இருந்த லாஸ்லோ போக் ஒரு சூத்திரம் சொன்னார்: எதைச் சாதித்தேன், அது எந்த அளவில் தெரிந்தது, எப்படிச் செய்தேன் என்ற மூன்றும் ஒரு வரியில் இருக்க வேண்டும். நல்ல சூத்திரம்தான். ஆனால் அதைக் கேள்விப்பட்ட மாணவர்கள், அளவு இல்லாத இடத்தில் "செயல்திறனை 40% உயர்த்தினேன்" என்று ஓர் எண்ணை நட்டுவிடுகிறார்கள். எதை ஒப்பிட்டு 40 என்று கேட்டால் பதில் இருக்காது. எண் என்றாலே சதவீதம் என்று நினைக்க வேண்டியதில்லை. எத்தனை பேர் குழு, எத்தனை பதிவுகள், எத்தனை வாரம், எத்தனை பேர் பயன்படுத்தினார்கள் என்பதெல்லாம் எண்தான். அவை பொய்யாகவும் இருக்காது. நண்பரின் ரெஸ்யூமேயில் சதவீதக் குறி தென்பட்டால் "இது எங்கிருந்து வந்தது?" என்று நட்பாகவே கேட்டுவிடுங்கள்.

திறன்கள் பட்டியலையும் அதே மாதிரிச் சோதிக்கலாம். "இதில் எதைப் பற்றி நாளை காலையே கேட்டாலும் பதில் சொல்வாய்?" என்று கேளுங்கள். தயங்குகிற பெயர்களைத் தூக்கிவிடலாம், அல்லது "அடிப்படை" என்று குறிக்கலாம். திறனுக்கு ஐந்து நட்சத்திரத்தில் நாலு, முக்கால் நிறைந்த பட்டை என்றெல்லாம் போட்டிருந்தால் எடுக்கச் சொல்லுங்கள்; நாலு நட்சத்திரம் என்றால் யாருக்கும் ஒன்றும் புரியாது. "சவாலான சூழலில் என் திறமைகளை வளர்த்துக்கொள்ள விரும்புகிறேன்" வகைக் குறிக்கோள் வரிகளும் அப்படித்தான். பக்க அளவைப் பொறுத்தவரை, மாணவருக்கு ஒரு பக்கம் போதும். படம், பிறந்த தேதி போன்றவற்றில் நாட்டுக்கு நாடு, துறைக்குத் துறை வழக்கம் மாறும். அறிவிப்பு என்ன கேட்கிறது என்பதைப் பார்த்து முடிவு செய்யட்டும்.

இன்னொரு சோதனைக்கு ஒரு நிமிடம்தான் ஆகும். பிடிஎஃப் கோப்பைத் திறந்து, எல்லாவற்றையும் தேர்ந்தெடுத்து நகலெடுத்து, நோட்பேட் மாதிரியான வெற்றுப் பக்கத்தில் ஒட்டிப் பாருங்கள். விண்ணப்பங்களைச் சேமிக்கிற மென்பொருளும் ஏறக்குறைய இப்படித்தான் எழுத்துகளை உருவி எடுக்கிறது. இரண்டு பத்தியாக வடிவமைத்த ரெஸ்யூமே என்றால் இடப்பக்க வரியும் வலப்பக்க வரியும் பின்னிக்கொண்டு நிற்கலாம். தொலைபேசி எண் படமாக இருந்தால் காணாமலே போயிருக்கும். மென்பொருளே ரெஸ்யூமேயைத் தூக்கி எறிந்துவிடும் என்று சிலர் பயமுறுத்துவது மிகை. ஆனால் தேடும்போது கண்ணில் படாமல் போனால் பலன் ஒன்றுதானே. அப்படியே இணைப்புகளையும் உங்கள் கணினியில் திறந்து பாருங்கள். அவர் கணினியில் திறக்கும், ஏனென்றால் அவர் உள்நுழைந்திருப்பார். உங்களுக்கு "அனுமதி இல்லை" என்று வந்தால் நிறுவனத்துக்கும் அதுதான் வரும்.

இப்போதெல்லாம் ஏஐ-யிடம் எழுதி வாங்கிய ரெஸ்யூமேக்களும் வருகின்றன. பிழையே இருக்காது; ஆளும் இருக்காது. நீங்கள் போலீஸ் வேலை பார்க்க வேண்டாம். "இந்த வரியை எனக்கு உன் வார்த்தையில் சொல்" என்று கேட்டால் போதும். வரும் பதிலையே எழுதச் சொல்லலாம்.

இனி, எழுத்தில் கொடுக்க வேண்டிய கருத்து. கண்ணில் பட்ட இருபதையும் எழுதினால் அவர் எளிதானவற்றைத் திருத்திவிட்டுப் பெரியதை அப்படியே விட்டுவிடுவார். பெரிய விஷயம் ஒன்றோ இரண்டோ முதலில். சில்லறைப் பிழைகள் கடைசியில் ஒரே மூச்சில். எது நன்றாக இருக்கிறது என்பதையும் கட்டாயம் எழுதுங்கள். முகஸ்துதிக்காக இல்லை, எழுதாவிட்டால் திருத்துகிற வேகத்தில் அந்த நல்ல வரியையும் அவர் மாற்றிவிடுவார். கற்றலில் பின்னூட்டத்தின் பங்கை ஆராய்ந்த ஜான் ஹேட்டி, ஹெலன் டிம்பர்லி இருவரும் 2007-இல் எழுதியதும் இதற்குப் பொருந்தும்: ஆளைப் பாராட்டுவதால் கற்றலுக்குக் கிடைப்பது சொற்பம், செய்த வேலையையும் செய்த விதத்தையும் பற்றிச் சொல்வதே உதவும். போன தடவை நீங்கள் எழுதிக் கொடுத்த வாழ்த்து எந்த வகை என்று சொல்ல வேண்டியதில்லை.

மாதிரிக்கு ஒன்று:

"முதல் பார்வையில் மனதில் நின்றது நூலகத் திட்டம். அந்தப் புதிய வரியை மாற்றாதே, அது நன்றாக வந்திருக்கிறது. பெரிய விஷயம் ஒன்று: அறிவிப்பில் முதலில் கேட்பது பைத்தான், உன்னிடம் அது கடைசி வரியில் இருக்கிறது, எந்தத் திட்டத்திலும் பெயர் வரவில்லை. எதில் பயன்படுத்தினாய்? இரண்டாவது, 'தலைமைப் பண்பு உடையவன்' என்பதைப் படித்து எனக்கு எதுவும் தெரியவில்லை. கருத்தரங்கில் நீ செய்ததை எழுத முடியுமா? சின்னவை: இரண்டாம் திட்டத்துக்கு மாதம் போடவில்லை, கிட்ஹப் இணைப்பு திறக்கவில்லை."

இதில் "எனக்குத் தெரியவில்லை", "எதில் பயன்படுத்தினாய்?" என்பவைதான் நட்பைக் காப்பாற்றுகின்றன. "இது தப்பு" என்றால் வாதம் வரும். "எனக்குப் புரியவில்லை" என்றால் வாதிட ஒன்றும் இல்லை. கூகுள் டாக்ஸில் பகிர்ந்திருந்தால், வரிகளை நேரடியாக மாற்றாமல் ஓரத்தில் கருத்தாக இடுங்கள். நீங்களே எழுதிக் கொடுத்தால் உங்கள் நடையில் இருக்கும். நேர்முகத்தில் பேசப்போவது அவர்.

நட்பை உண்மையிலேயே சோதிக்கிற இடங்கள் வேறு. அவர் செய்யாத ஒன்று ரெஸ்யூமேயில் இருந்தால், அதை எழுத்துக் கருத்தில் வைக்காதீர்கள். மற்றவர்களும் அதைப் படிக்கலாம். தனியாகக் கூப்பிட்டு, "இதைக் கேட்டால் என்ன சொல்வாய்?" என்று ஒரே ஒரு முறை கேளுங்கள். அப்புறம் அவர் பொறுப்பு. இருவரும் ஒரே இன்டர்ன்ஷிப்புக்கு விண்ணப்பிக்கிறீர்கள் என்றால் படிப்பதற்கு முன்பே சொல்லிவிடுங்கள். பின்னால் தெரியவந்தால் நீங்கள் சொன்ன நல்ல யோசனைகூடச் சந்தேகமாகத் தெரியும். அவருடைய வரிகளை உங்கள் ரெஸ்யூமேக்கு எடுக்கவும் கூடாது, கோப்பை வேறு யாருக்கும் அனுப்பவும் கூடாது. அதில் அவருடைய எண்ணும் முகவரியும் இருக்கின்றன.

திருத்திய வடிவம் திரும்பி வந்ததும், நீங்கள் சொன்னதில் எதை ஏற்கவில்லை என்று கணக்குப் பார்க்காதீர்கள். அவருக்குக் காரணம் இருக்கலாம். இல்லாவிட்டாலும் ரெஸ்யூமே அவருடையது. புதிதாகச் சேர்த்த வரிகளை மட்டும் மெதுவாகப் படியுங்கள், அவசரத்தில் திருத்திய இடத்தில்தான் புதுப் பிழை முளைக்கும். கூடவே கோப்பின் பெயரையும் பாருங்கள். "ரெஸ்யூமே ஃபைனல் புதுசு 3" என்று இருந்தால், அவர் பெயரும் விண்ணப்பிக்கிற பணியும் தெரிகிற மாதிரி மாற்றச் சொல்லி அனுப்பச் சொல்லுங்கள்.