பழைய ஆங்கில நூலில் ‘எஸ்’ எங்கே போனது?

கேள்வி: ஆய்வுக்காக 1600, 1700களில் அச்சான ஆங்கில நூல்களை ஸ்கேன் பிரதியில் படிக்கிறேன். ‘எஸ்’ இருக்க வேண்டிய இடத்தில் ‘எஃப்’, ‘யு’ இருக்க வேண்டிய இடத்தில் ‘வி’ இருக்கிறது. சொல்லைப் போட்டுத் தேடினாலும் சிக்குவதில்லை. மேற்கோள் காட்டும்போது இவற்றைத் திருத்தலாமா?

பதில்: நீங்கள் பார்ப்பது எஃப் அல்ல, நெட்டை எஸ். சொல்லின் தொடக்கத்திலும் நடுவிலும் இது வரும். கடைசி எழுத்துக்கு மட்டும் இன்றைய எஸ். பக்கத்தைப் பெரிதாக்கிப் பாருங்கள். எஃப்பின் குறுக்குக்கோடு தண்டின் இரு பக்கமும் நீளும். நெட்டை எஸ்ஸுக்கு இடப்பக்கம் ஒரு சின்னத் துருத்தல்தான். 1800ஐ ஒட்டி அச்சகங்கள் இதைக் கைவிட்டன. லண்டன் டைம்ஸ் நாளிதழ் விட்டது 1803இல். ஸ்கேனைப் படிக்கும் மென்பொருள் இதை எஃப் என்றே எடுத்துக்கொள்வதால்தான் தேடல் தோற்கிறது. கடைசி எஸ்ஸை மட்டும் விட்டுவிட்டு, மற்றவற்றை எஃப்பாக மாற்றியும் ஒருமுறை தேடுங்கள்.

வியும் யுவும் அன்று ஒரே எழுத்தின் இரண்டு உருவங்கள். சொல்லின் முதலில் வி, நடுவில் யு. ஒலியைப் பற்றிக் கவலையில்லை. அதனால் ‘லவ்’ என்ற சொல்லுக்கு நடுவில் யு இருக்கும். ஐ, ஜே கதையும் இப்படித்தான். 1611இன் கிங் ஜேம்ஸ் பைபிளில் ஜீசஸ் என்ற பெயர் ஐயில்தான் தொடங்குகிறது.

இவையெல்லாம் எழுத்தின் வடிவம் சார்ந்தவை. நெட்டை எஸ்ஸைத் தயங்காமல் சாதாரண எஸ்ஸாக மாற்றலாம். பதிப்பாசிரியர்கள் வழக்கமாகச் செய்வதுதான். வி–யு, ஐ–ஜே விஷயத்தில் மாற்றினாலும் விட்டாலும் ஆய்வேடு முழுக்க ஒரே முறையாக இருக்கட்டும், அதை முன்னுரையில் சொல்லிவிடுங்கள்.

எழுத்துக்கூட்டலில் மட்டும் தயவுசெய்து கை வைக்காதீர்கள். 1755இல் வந்த சாமுவேல் ஜான்சனின் அகராதியில் ‘மியூசிக்’ கே எழுத்தில் முடிகிறது. 1787இன் அமெரிக்க அரசியல் சாசனத்தில் தேர்ந்தெடுப்பதைக் குறிக்கும் ‘சூஸ்’ என்ற சொல்லில் இரட்டை ஓ கிடையாது, ஒரு யுதான். இவை பிழைகள் அல்ல, அன்றைய வழக்குகள். திருத்தினால் அந்தக் காலத்தின் தடயத்தையே அழித்துவிடுகிறோம்.

அப்புறம், ஒய்யும் மேலே குட்டியாக ஈயும் வந்தால் அது ‘தி’. ‘தார்ன்’ என்ற பழைய எழுத்துக்குப் பதிலாக அங்கே ஒய் நிற்கிறது. ‘யீ’ என்று வாசிக்கக் கூடாது. ஆனால் ‘நீங்கள்’ என்ற பொருளில் வரும் ‘யீ’ வேறு சொல். அதற்கு ஒய்தான் சரியான எழுத்து. அடுத்து பெயர்ச்சொல் வந்தால் பெரும்பாலும் முன்னது, வினைச்சொல் வந்தால் பின்னது.

இதற்கும் பிடிபடாத சொல்லை ஆக்ஸ்ஃபோர்டின் பேரகராதியில் பாருங்கள். சொல்லின் பழைய வடிவங்களைக் காலவாரியாக அதில் கொடுத்திருக்கிறார்கள்.